நீந்தி முடித்ததும் முகம் காந்துகிறதா? காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்வது எப்படி

வாரத்தில் நான்கைந்து நாள் குளத்தில் இறங்கத் தொடங்கியதும் பலருக்கு முதலில் தகராறு செய்வது தோள்பட்டையோ மூச்சோ அல்ல, முகம். கன்னம் இழுத்துப் பிடிக்கும். மூக்கோரம் பொடிப்பொடியாக உரியும். கண்ணைச் சுற்றிச் சிவந்த வளையம் விழும். இத்தனை நாளும் பேசாமல் இருந்த க்ரீம் திடீரென்று சுரீரென்று எரியும். எல்லாப் பழியும் குளோரின் மேல் விழுகிறது. பல நேரம் அது சரிதான். ஆனால் நீச்சல் கண்ணாடியின் விளிம்பு, தொப்பியின் ரப்பர், குளித்து முடித்துப் போட்டுத் தேய்க்கும் சோப்பு ஆகியவை தப்பித்துவிடுகின்றன. காரணம் தெரியாமல் க்ரீமுக்கு மேல் க்ரீம் மாற்றிக்கொண்டிருந்தால், கடைசியில் க்ரீமே ஒரு காரணமாகிவிடும்.

ஆகவே எதையும் வாங்குவதற்கு முன், நல்ல வெளிச்சத்தில் முகத்தைப் பாருங்கள்.

எங்கே வருகிறது, எப்போது வருகிறது

எரிச்சல் விழுந்திருக்கும் இடமே முக்கால் விடை. இரண்டு கன்னம், நெற்றி, தாடை என்று தண்ணீர் பட்ட இடமெல்லாம் ஒரே மாதிரி இறுகி, லேசாகச் சிவந்து, செதில் உரிந்தால் அது தண்ணீரின் வேலை, அல்லது தண்ணீரை விட்டு வந்தபின் நீங்கள் முகம் கழுவும் விதத்தின் வேலை. கண்ணைச் சுற்றி வரைந்து வைத்ததுபோல் வளையமாக வந்தால் கண்ணாடியைப் பாருங்கள். நெற்றியில் குறுக்குக் கோடாகவும் காதுக்கு மேலும் பின்னும் வந்தால் தொப்பி. நெற்றிப்பொட்டில் மட்டும் பட்டையாக வந்தால் கண்ணாடியின் வார். தாடையிலும் கழுத்திலும் மட்டும் சிறு சிறு பொரியாக எழும்பினால் ஷேவிங்கைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். (ஃப்ரீஸ்டைல் நீந்தும் ஆண்களுக்குத் தோளில் ஒரு சிவந்த திட்டு வருவதுண்டு. மூச்செடுக்கத் தலையைத் திருப்பும்போதெல்லாம் மழிக்காத தாடி முள் அங்கே உரசுவதால் வருவது அது. மழித்தால் போய்விடும்.)

அடுத்தது நேரம். தண்ணீரில் இருக்கும்போதோ ஏறிய சில நிமிடங்களிலோ காந்தல் தொடங்கி, இரண்டு மூன்று நாள் நீந்தாமல் இருந்தால் தணிந்துவிடுகிறது என்றால், அது பெரும்பாலும் வெறும் எரிச்சல். தோலின் மேலடுக்கு தேய்ந்திருக்கிறது, அவ்வளவே. மாறாக, அரிப்பு தூக்கலாக இருந்து, நீந்திய மறுநாளோ அதற்கடுத்த நாளோ தலைகாட்டி, பொருள் பட்ட இடத்தையும் தாண்டிப் பரவினால் ஒவ்வாமையாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒவ்வாமை என்றால் அளவைக் குறைப்பதில் பயனில்லை. அந்தப் பொருளையே விலக்க வேண்டும்.

மூன்றாவது வகை, கொசு கடித்ததுபோன்ற தடிப்புகள். தண்ணீரில் இறங்கிய சில நிமிடங்களில் எழும்பி, ஓரிரு மணி நேரத்தில் தடமின்றி மறையும். குளிர்ந்த தண்ணீரில் மட்டும் இது நேர்ந்தால் குளிர் ஒவ்வாமையாக இருக்கலாம். இதை அழகுப் பிரச்சினையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உடல் முழுவதும் ஒரே நேரத்தில் குளிரில் மூழ்கும்போது ரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் வரலாம், அதுவும் தண்ணீருக்குள். இந்த அறிகுறி இருப்பவர்கள் மருத்துவரைப் பார்க்கும்வரை நீந்த வேண்டாம்.

குளோரின் என்று நினைக்க வைக்கும் வேறு சில

புருவம், மூக்கோரம், காதோரம் ஆகிய இடங்களில் மட்டும் எண்ணெய்ப்பசையான மஞ்சள் செதில் உரிந்தால், அது வறட்சி அல்ல. தலையில் பொடுகு உண்டாக்கும் அதே கோளாறுதான் முகத்துக்கு இறங்கியிருக்கிறது. எவ்வளவு மாய்ஸ்சரைசர் போட்டாலும் அடங்காது, பூஞ்சைக்கான மருந்து வேண்டும். வாயைச் சுற்றிச் சின்னச் சின்னச் சிவப்புப் பொரிகள் வந்து, உதட்டை ஒட்டி மட்டும் ஒரு மெல்லிய வரம்பு தெளிவாக விடப்பட்டிருந்தால், அதற்கு ஸ்டீராய்டு க்ரீம் தடவத் தடவ அதிகமாகும். தடவிய இரண்டு நாள் அடங்கியதுபோல் தெரியும், நிறுத்தியதும் முன்னைவிட மோசமாகத் திரும்பும். ஓரம் மேடிட்டு நடுவில் தெளிந்து வட்டமாகப் பரவுவது படை. இதற்கும் ஸ்டீராய்டு எதிரி. மேலுக்குச் சிவப்பைக் குறைத்து, உள்ளுக்குள் படையைப் பரவ விடும்.

கன்னமும் மூக்கும் நீந்தும்போது மட்டுமல்லாமல், வெயிலிலும் உடற்பயிற்சியிலும் காரமான சாப்பாட்டிலும் கூடச் சிவந்து காந்துகிறது என்றால் ரோசேஷியா என்ற நாள்பட்ட முகச்சிவப்புக் கோளாறாக இருக்கலாம். அப்படிப்பட்டவர்கள் வெதுவெதுப்பான உள்ளரங்கக் குளத்தைவிடச் சற்றுக் குளிர்ந்த குளத்தில் நிம்மதியாக இருப்பார்கள்.

தண்ணீர் முகத்தை என்ன செய்கிறது

நன்றாகப் பராமரிக்கப்படும் குளத்தில் செயல்படும் குளோரின் (கிருமியைக் கொல்லத் தயாராக இருப்பது) பெரும்பாலும் 1 முதல் 3 பிபிஎம் வரை, அதாவது லிட்டருக்கு அத்தனை மில்லிகிராம், இருக்கும். தண்ணீரின் பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு; 7-க்குக் கீழே போனால் அமிலம்) 7.2 முதல் 7.8 வரை வைக்கப்படும். நம் தோலின் மேற்பரப்போ 5-ஐ ஒட்டிய லேசான அமிலத்தன்மை கொண்டது. ஒரு மணி நேரம் மூழ்கியிருக்கும்போது தோலின் மேலடுக்கு ஊறி உப்புகிறது, அதைப் பிடித்து வைத்திருக்கும் எண்ணெய்ப்பசை கரைந்து போகிறது. கரையேறியதும் தோலுக்குள் இருக்கும் ஈரம் தடையின்றி ஆவியாகிறது. அந்த இறுக்கம் இதுதான். ஒருநாள் நீச்சலுக்கு இது ஒன்றுமில்லை, தோல் தானே சரிசெய்துகொள்ளும். சரிசெய்து முடிப்பதற்குள் அடுத்த நாள் மீண்டும் இறங்குவதுதான் தொடர்ந்து நீந்துபவர்களின் சிக்கல்.

மூக்கைத் துளைக்கும் 'குளோரின் வாடை' வந்தால் குளோரினை அள்ளிக் கொட்டிவிட்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் விஷயம் வேறு. நீந்துபவர்களின் வியர்வை, சிறுநீர், முகப்பூச்சு ஆகியவற்றோடு குளோரின் சேர்ந்து குளோரமின்களாக மாறும்போதுதான் அந்த வாடை எழுகிறது. கண்ணையும் தோலையும் அதிகம் எரிப்பவை இந்தக் குளோரமின்களே. உள்ளரங்கக் குளத்தில் இவை தண்ணீருக்கு மேலே காற்றில் தேங்கி நிற்கும். கண்ணாடி மாட்டியும் கண் இமை எரிகிறது என்பவர்கள் காற்றோட்டத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இதை நீங்களே சோதிக்கலாம். செயல்படும் குளோரின், மொத்தக் குளோரின், பிஎச் மூன்றையும் காட்டும் சோதனைப் பட்டைகள் கிடைக்கின்றன. முழங்கை ஆழத்துக்குக் கையை விட்டு, தண்ணீர் உள்ளே வரும் குழாய்களுக்குப் பக்கத்தில் இல்லாமல் தள்ளி நின்று சோதியுங்கள். பட்டையின் நுனியை ஈரக்கையால் தொடாதீர்கள். டப்பாவில் போட்டிருக்கும் விநாடிக் கணக்குப்படியே நிறத்தைப் பாருங்கள், தாமதித்தால் நிறம் மாறி ஏமாற்றும். மொத்தக் குளோரினிலிருந்து செயல்படும் குளோரினைக் கழித்தால் வருவது குளோரமின் அளவு. அது 0.4 பிபிஎம்-ஐத் தாண்டினால் கோளாறு உங்கள் தோலில் இல்லை, குளத்தில். பராமரிப்பவரிடம் எண்ணோடு போய்ச் சொன்னால் காது கொடுப்பார். 'வாடை அடிக்கிறது' என்று மட்டும் சொன்னால் சிரித்து அனுப்பிவிடக்கூடும்.

'உப்புநீர்க் குளத்தில் குளோரின் இல்லை' என்பதையும் நம்பி ஏமாற வேண்டாம். அங்கே உப்பிலிருந்து மின்சாரத்தின் உதவியால் குளோரின் தயாராகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். சிலருக்கு அந்தத் தண்ணீர் மென்மையாகப் படுவது உண்மை. குளோரினே ஆகாதவர்களுக்கு அது மாற்று ஆகாது. சூடான தொட்டிகளில் போடும் புரோமினும் தோலில் எரிச்சல் தரக்கூடியதே.

இறங்குவதற்கு முன்

முந்தின இரவிலிருந்தே தொடங்குகிறது இந்த வேலை. ரெட்டினால் வகைக் க்ரீம்கள், பருவுக்கான பென்சாயில் பெராக்சைடு, கிளைகாலிக் அமிலம், தேய்த்துக் கழுவும் ஸ்க்ரப் எதையும் நீந்தப்போகும் நாளுக்கு முந்தின இரவு போடாதீர்கள். இவை மேலடுக்கை ஏற்கெனவே மெலிய வைத்திருக்கும். தினமும் நீந்துபவர்கள் என்ன செய்வது? ஓய்வு நாளுக்கு முந்தின இரவில் போடுங்கள்: சனிக்கிழமை காலை நீந்திவிட்டு ஞாயிறு ஓய்வென்றால், சனி இரவு. பருவுக்காக மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்தென்றால் நீந்துவதைச் சொல்லி, அவரிடமே நாள்களை மாற்றிக் கேளுங்கள்.

ஷேவிங்கும் அப்படித்தான். காலையில் மழித்துவிட்டு நேராகக் குளத்தில் குதிப்பது, கண்ணுக்குத் தெரியாத நூறு கீறல்களில் குளோரினைத் தேய்ப்பதற்குச் சமம். முந்தின நாள் மாலையே மழித்துவிடுங்கள், அல்லது நீந்தி முடித்துக் கழுவிய பின் மழியுங்கள். ஆல்கஹால் கலந்த ஆஃப்டர் ஷேவ் வேண்டவே வேண்டாம்.

குளத்துக்கு வந்ததும் ஒரு நிமிடமாவது ஷவரில் நின்று, முகத்தில் போட்ட பவுடர், மேக்கப், வியர்வை எல்லாவற்றையும் அலசிவிடுங்கள். சோப்பு தேவையில்லை. எல்லோரும் இதைச் செய்தால் குளத்தில் குளோரமின் வெகுவாகக் குறையும். எல்லோரும் செய்வதில்லை என்பது வேறு விஷயம்.

அடுத்து காப்புப் பூச்சு. வறண்ட தோல்காரர்களுக்கும், ஏற்கெனவே உரிந்துகொண்டிருப்பவர்களுக்கும் பெட்ரோலியம் ஜெல்லிதான் மலிவும் நம்பகமும். ஒரு பட்டாணி அளவு எடுத்து, இரு விரல் நுனிகளுக்கிடையே தேய்த்து இளக்கி, மூக்கோரம், வாயோரம், கன்ன மேடு, தாடை ஆகிய இடங்களில் மினுமினுப்பு மட்டும் தெரியும்படி ஒற்றுங்கள். இங்கே இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. ஒன்று, அப்பிக்கொள்வது. அது தண்ணீரில் மிதந்து கண்ணாடியில் படியும். இன்னொன்று, கண்குழி விளிம்பு வரை தடவுவது. கண்ணாடி வழுக்கித் தண்ணீர் உள்ளே வரும், உடனே வாரை இழுத்து இறுக்குவீர்கள், அந்த இறுக்கம் தனியாக ஒரு புண்ணைத் தரும். கண்ணாடி பதியும் இடத்துக்கு ஒரு விரல் அகலம் வெளியே நிறுத்திக்கொள்ளுங்கள். பரு வரும் முகமென்றால் ஜெல்லிக்குப் பதில் டைமெத்திகோன் (ஒருவகைச் சிலிக்கோன்) உள்ள மெல்லிய மாய்ஸ்சரைசர் போதும். சமையல் எண்ணெய்களைத் தடவிக்கொண்டு இறங்குவதில் நன்மையைவிடத் தொல்லையே அதிகம். பருவைக் கிளப்பும், தண்ணீரிலும் படலம் போடும்.

திறந்தவெளிக் குளமென்றால் சன்ஸ்கிரீன் கட்டாயம். எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாமல், தண்ணீரில் நிற்கும் நேரம் 40 அல்லது 80 நிமிடம் என்று போட்டிருப்பதாகப் பார்த்து எடுங்கள். அந்த நிமிடக் கணக்கு உண்மையான கெடு. 80 நிமிடத்துக்கு மேல் நீந்தினால் ஏறி, ஒற்றித் துடைத்து, மறுபடி போட வேண்டும். முகத்துக்கும் கழுத்துக்கும் சுட்டுவிரல், நடுவிரல் இரண்டின் முழு நீளத்துக்குப் பிதுக்கிய அளவு வேண்டும். தண்ணீரில் இறங்க 15 நிமிடம் முன்பே போட்டுவிடுங்கள். கண்ணுக்குள் இறங்கி எரிகிறது என்றால் நெற்றிக்கும் கண்ணோரத்துக்கும் மட்டும் துத்தநாக ஆக்சைடு அடிப்படையிலான குச்சி வடிவ சன்ஸ்கிரீனுக்கு மாறுங்கள். அது வழியாது, எரிச்சலும் குறைவு. வெள்ளையாகத் தெரியும், பரவாயில்லை.

கண்ணாடியும் தொப்பியும்

கண்ணாடியில் இரண்டு விதமாகத் தொல்லை வரும், இரண்டும் வேறு வேறு. முதலாவது அழுத்தம். வாரை மாட்டாமல் கண்ணாடியை மட்டும் கண்குழியில் வைத்து லேசாக அழுத்திக் கையை எடுங்கள். இரண்டு மூன்று விநாடி தானே ஒட்டி நின்றால் அந்த வடிவம் உங்கள் முகத்துக்குப் பொருந்துகிறது. உடனே விழுந்தால், வாரை எவ்வளவு இறுக்கினாலும் ஒழுகும், முகம்தான் கன்றும். பொருந்தும் கண்ணாடிக்கு வாருக்கும் தலைக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் அளவு இறுக்கம் போதும். வார் தலையின் பின்மேட்டுக்கு மேலே உட்கார வேண்டும், காதை ஒட்டிக் கீழே போனால் கண்ணாடியின் கீழ் விளிம்பு கண்ணுக்கடியில் வெட்டும். கழற்றி ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் வளையத் தடம் ஆழமாக இருந்தால் ஒரு துளை தளர்த்துங்கள். மூக்குப் பாலத்தை மாற்றிப் பொருத்தும் வசதி உள்ளவை, மூக்கோர ஒழுக்கு உள்ளவர்களுக்கு நல்லது.

இரண்டாவது, பொருள். சில கண்ணாடிகளின் மெத்தை விளிம்பு நியோப்ரீன் என்ற ரப்பர் நுரையால் ஆனது. அதைத் தயாரிக்கும்போது சேர்க்கப்படும் தயோயூரியா வகை வேதிப்பொருள்கள் சிலருக்கு ஒவ்வாமை தரும். வளையம் முழுக்க அரித்து, தடித்து, நீர் கசியும் அளவுக்குப் போகலாம். சிலிக்கோன் விளிம்புக்கு மாறினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். பல ஆண்டுகள் சும்மா இருந்த கண்ணாடி திடீரென்று ஒவ்வாமை தர முடியுமா என்று கேட்டால், முடியும். ஒவ்வாமை அப்படித்தான், பழகிய பொருளுக்கும் வரும்.

புகைமூட்டம் தடுக்கும் திரவம் போடுபவர்கள் அதை நன்றாக அலசிவிட்டு மாட்டுங்கள். மிச்சமிருக்கும் திரவம் முப்பது நிமிடம் கண் இமையோடு பூட்டி வைக்கப்படும். நீந்தி முடித்ததும் கண்ணாடியை நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காற்றாட உலர்த்துங்கள். ஈரத்தோடு டப்பாவில் மூடி வைத்தால் விளிம்பில் கருப்புப் புள்ளியும் வழுவழுப்பும் படரும். விளிம்பு விறைத்து வெடிப்பு கண்டால் புதியது வாங்கும் நேரம் வந்துவிட்டது.

தொப்பியில் லேடக்ஸ், சிலிக்கோன், துணி என்று மூன்று வகை. நெற்றிக் கோட்டில் அரிப்பு வந்தால் லேடக்ஸை விட்டுச் சிலிக்கோனுக்கு மாறுங்கள். லேடக்ஸ் பட்டதும் உதடு வீங்குவது, மூச்சு இழுப்பது போன்றவை நேர்ந்தால் அது வேறு தரம். எந்த லேடக்ஸ் பொருளையும் தொடாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். வெறும் பரு மட்டும் நெற்றிக் கோட்டில் வரிசையாக வந்தால், உரசலும் அடைபட்ட வியர்வையும் காரணம். தலைக்குப் போட்ட எண்ணெயோ கண்டிஷனரோ தொப்பிக்கடியிலிருந்து வழிந்து அங்கே தேங்குவதும் உண்டு.

கரையேறிய முதல் பத்து நிமிடம்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய நேரமிருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடும் அரை மணி நேரத்தில், முகத்தில் இருக்கும் குளத்துத் தண்ணீர் உலர்ந்து கெட்டியாகிறது.

1. ஏறியதும் துண்டால் துடைக்காமல் ஷவருக்குப் போங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒன்றிரண்டு நிமிடம் முகத்தைக் காட்டுங்கள். சுடுதண்ணீர் வேண்டாம். சுகமாக இருக்கும், ஆனால் மிச்சமிருக்கும் எண்ணெய்ப்பசையையும் எடுத்துவிடும்.
2. சன்ஸ்கிரீனோ ஜெல்லியோ போட்டிருந்தால் மட்டும், வாசனை சேர்க்காத, நுரை அதிகம் வராத, சோப்பு அல்லாத மென்மையான ஃபேஸ்வாஷ் ஒரு பட்டாணி அளவு. விரல் நுனியால் அரை நிமிடம், பிறகு அலசல். எதுவும் போட்டிருக்காவிட்டால் தண்ணீரே போதும்.
3. மென்மையான துண்டால் ஒற்றி எடுங்கள். தேய்க்காதீர்கள். முகம் லேசாக ஈரமாகவே இருக்கட்டும்.
4. மூன்று நிமிடத்துக்குள் மாய்ஸ்சரைசர். கிளிசரின், செராமைடு, பெட்ரோலேட்டம் (பெட்ரோலியம் ஜெல்லிதான்), டைமெத்திகோன் ஆகியவற்றில் ஒன்றிரண்டாவது இருப்பது நல்லது. ஆள்காட்டி விரலின் நுனிக் கணு நீளத்துக்குப் பிதுக்கினால் ஏறத்தாழ அரை கிராம். முகத்துக்கும் கழுத்துக்கும் அப்படி இரண்டரை பங்கு தேவை. பெரும்பாலானவர்கள் இதில் பாதிகூடப் போடுவதில்லை.

பார் சோப்பு பெரும்பாலும் 9-க்கு மேல் பிஎச் கொண்டது. 'குளோரின் வாடை போகட்டும்' என்று அதைப் போட்டு இருமுறை தேய்ப்பவர்களுக்கு வரும் எரிச்சலில் குளோரினின் பங்கைவிடச் சோப்பின் பங்கு அதிகமாக இருக்கலாம். டோனர், ஆல்கஹால் கலந்த துடைப்பான், ஈரத்தாள் எல்லாம் பையிலிருந்து போகட்டும். ஈரத்தாள்களில் சேர்க்கப்படும் மெத்தில்ஐசோதயசோலினோன் போன்ற பதப்படுத்திகளே நன்கு அறியப்பட்ட ஒவ்வாமைக் காரணிகள்.

பையிலிருக்கும் துண்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. முந்தின நாள் நனைந்து, பைக்குள்ளேயே சுருண்டு கிடந்த துண்டால் உரிந்த முகத்தைத் துடைப்பது கிருமிகளுக்கு அழைப்பு. ஒவ்வொரு முறையும் துவைத்துக் காய்ந்த துண்டு, முகத்துக்குத் தனியாகச் சிறியது. யாருடனும் பகிர வேண்டாம்.

வைட்டமின் சி கரைசல் வேலை செய்யுமா?

செய்யும். வைட்டமின் சி, அதாவது அஸ்கார்பிக் அமிலம், குளோரினோடு உடனே வினைபுரிந்து அதைத் தீங்கற்ற குளோரைடாக மாற்றிவிடும். ஒரு மில்லிகிராம் குளோரினுக்கு ஏறத்தாழ இரண்டரை மில்லிகிராம் போதும். 3 பிபிஎம் என்பது ஒரு லிட்டர் தண்ணீரில் 3 மில்லிகிராம் குளோரின். முகத்தில் ஒட்டியிருப்பது சில மில்லிலிட்டர் தண்ணீர் மட்டுமே. ஆகவே அரை லிட்டர் சுத்தமான தண்ணீரில் 1 கிராம் தூள், கால் தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு, தேவைக்கு மேலேயே இருக்கிறது. இன்னும் கொஞ்சம் போட்டால் இன்னும் நல்லது என்ற கணக்கு இங்கே எடுபடாது. அமிலம் கூடினால் உரிந்த தோலில் சுள்ளென்று பிடிக்கும். அதனாலேயே முகத்துக்கு அஸ்கார்பிக் அமிலத்தைவிட அமிலத்தன்மை இல்லாத சோடியம் அஸ்கார்பேட் நல்ல தேர்வு.

ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றி, கண்ணை மூடிக்கொண்டு முகம் நனையத் தெளித்து, ஒரு நிமிடம் விட்டு நல்ல தண்ணீரில் அலசுங்கள். கரைசல் காற்றுப்பட்டுக் கெட்டுப்போகும், அன்றன்றைக்குக் கலப்பதே சரி. மஞ்சளாகியிருந்தால் கொட்டிவிடுங்கள். சாதாரணமாக உடனே கழுவிவிடும் பழக்கம் உள்ளவருக்கு இது இல்லாமலே ஓடும். ஷவரில் கழுவிய பிறகும் தோலில் வாடை தங்குகிறது என்பவர்களுக்குக் கைகொடுக்கும். வைட்டமின் சி தானே என்று எலுமிச்சைச் சாற்றைத் தேய்க்காதீர்கள். அந்தச் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் தீக்காயம் போலக் கொப்புளம் போட்டு, கருந்திட்டு மாதக்கணக்கில் நிற்கும்.

ஏற்கெனவே புண்ணாகிவிட்டது என்றால்

மூன்று முதல் ஐந்து நாள் குளத்துக்கு விடுப்பு. அந்த நாள்களில் முகத்துக்கு இரண்டே பொருள்: தண்ணீர், ஒரு சாதாரண மாய்ஸ்சரைசர். காலையும் இரவும், இடையில் இழுத்துப் பிடிக்கும்போதெல்லாம் போடலாம். உரிந்த இடத்தில் அதன்மேல் மெல்லிய பெட்ரோலியம் ஜெல்லி. காந்தல் தாங்கவில்லை என்றால் குளிர்ந்த தண்ணீரில் நனைத்த சுத்தமான துணியைப் பத்து நிமிடம் வைத்து எடுத்து, உடனே மாய்ஸ்சரைசர் போடுங்கள். பனிக்கட்டியை நேரடியாக வைக்காதீர்கள். உரியும் தோலைப் பிய்க்க வேண்டாம்.

1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் போன்ற மென்மையான ஸ்டீராய்டு, எரிச்சல்தான் என்று உறுதியாகத் தெரிந்தால் மெல்லிசாக ஒரு சில நாள் போடலாம், ஒரு வாரத்தைத் தாண்ட வேண்டாம். கண் இமையிலும் கண்ணைச் சுற்றியும் மருத்துவர் சொல்லாமல் கூடாது. நண்பர் கொடுத்த, பூஞ்சை மருந்தும் பாக்டீரியா மருந்தும் வலுவான ஸ்டீராய்டும் கலந்த க்ரீமை முகத்தில் தொடவே வேண்டாம். தோல் மெலிந்து, ரத்த நாளங்கள் தெரிந்து, நிறுத்தவும் முடியாத நிலைக்கு அது கொண்டுபோகும்.

திரும்ப இறங்கும்போது முதல் நாள் இருபது நிமிடம், ஒருநாள் விட்டு அரை மணி நேரம் என்று ஏற்றுங்கள். அதற்குள் எரிச்சல் திரும்பி வந்துவிட்டதென்றால் அடுத்த வேலைக்குப் போக வேண்டும்.

ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள்

புதுக் கண்ணாடி, புது ஃபேஸ்வாஷ், புது க்ரீம் மூன்றையும் ஒரே நாளில் மாற்றி முகம் சரியானால் மகிழ்ச்சி. ஆனால் காரணம் எது என்று தெரியாது, அடுத்த முறையும் தடுமாறுவீர்கள். ஒரு நேரத்தில் ஒன்று, இரண்டு வாரம். வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் கழுவும் முறை, ஏனென்றால் அதற்குச் செலவில்லை. அடுத்து ஃபேஸ்வாஷும் க்ரீமும். பிறகு கண்ணாடி அல்லது தொப்பி. வளையமாகவோ கோடாகவோ வருபவர்கள் இதையே முதலில் செய்யலாம். கடைசியாக வேறொரு குளம். அதே பழக்கங்களோடு வேறு குளத்தில் இரண்டு வாரம் நீந்தி முகம் தெளிந்தால், முன்பு பார்த்த சோதனைப் பட்டை எண்களை எடுத்துக்கொண்டு பழைய குளத்துப் பராமரிப்பாளரிடம் பேசலாம். வாரம் இரு முறை ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் முகத்தைப் படம் எடுத்து வைத்தால் நினைவை நம்ப வேண்டியிராது.

கடலும் ஏரியும்

கடலில் தொல்லை தருவது உப்பு. ஒரு லிட்டரில் ஏறத்தாழ 35 கிராம். முகத்தில் உலர்ந்தால் படிகமாகி, துண்டு பட்டதும் உப்புத்தாள்போல் உரசும். அலசிய பிறகே துடைக்க வேண்டும். நீண்ட தூரம் நீந்துபவர்கள் கழுத்திலும் தாடைக்கடியிலும் ஜெல்லி தடவிக்கொள்வது உரசலுக்காக. ஜெல்லிமீன் பட்டுவிட்டால் மட்டும் விதி தலைகீழ். நல்ல தண்ணீர் ஊற்றினால் தோலில் மிஞ்சிய கொட்டும் செல்கள் வெடித்து நஞ்சை இறக்கும். கடல்நீராலேயே அலசுங்கள், தேய்க்காதீர்கள். கண்ணில் பட்டிருந்தால் மருத்துவமனை.

ஏரி, குட்டைகளில் நீந்திய பின் சிறு சிறு அரிப்புப் பொரிகள் வந்தால், நத்தைகளிலும் நீர்ப்பறவைகளிலும் வாழும் ஒட்டுண்ணிகளின் குஞ்சுகள் தவறுதலாக மனிதத் தோலில் நுழைய முயன்றிருக்கலாம். அவை அங்கேயே இறந்துவிடும். அரிப்பு சில நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் அடங்கும். ஏறியவுடன் அலசித் துடைத்துக்கொள்வது இதைக் குறைக்கும், நத்தை மண்டிய ஆழமற்ற ஓரங்களைத் தவிர்ப்பதும்தான்.

மருத்துவரிடம் போக வேண்டிய நேரம்

தேன் நிறத்தில் பொருக்குக் கட்டும் புண் பாக்டீரியாத் தொற்று. பிறருக்கும் பரவும், மருத்துவர் சரி என்று சொல்லும்வரை குளத்தில் இறங்கக் கூடாது. கொத்தாக நீர்க்கொப்புளங்கள், கண் வலி அல்லது பார்வை மங்கல், கண் இமை வீக்கம், காய்ச்சலோடு பரவும் சிவப்பு, இவற்றுக்குக் காத்திருக்காதீர்கள். உதடு, நாக்கு வீங்கினாலோ மூச்சு அடைத்தாலோ அவசர சிகிச்சை. இவை எதுவும் இல்லாமல், மேலே சொன்னபடி மாற்றிப் பார்த்தும் நான்கு வாரத்தில் அடங்கவில்லை என்றால் தோல் மருத்துவர்.

ஒவ்வாமை என்று சந்தேகித்தால் அவர் பேட்ச் டெஸ்ட் செய்யச் சொல்வார். சிறு சிறு அளவில் பல பொருள்களை முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்து, மீண்டும் இரண்டு நாள் கழித்து ஒருமுறை பார்ப்பார்கள். போகும்போது உங்கள் கண்ணாடி, தொப்பி, ஃபேஸ்வாஷ், க்ரீம், சன்ஸ்கிரீன் எல்லாவற்றையும் அட்டைப் பெட்டியோடு எடுத்துப் போங்கள். கண்ணாடி விளிம்பிலிருந்து ஒரு துண்டு வெட்டி ஒட்டிப் பார்க்கவும் வாய்ப்புண்டு, அதனால் பழைய ஜோடியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சோதனைக்கு முன் முதுகில் ஸ்டீராய்டு தடவாமலும், முதுகு வெயிலில் காயாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒட்டிய நாளிலிருந்து கடைசிப் பார்வை முடியும்வரை முதுகு நனையக் கூடாது. ஏறத்தாழ ஒரு வாரம் நீச்சல் கிடையாது என்பதால், போட்டி எதுவும் இல்லாத வாரமாகப் பார்த்து நாள் வாங்குங்கள்.